வியாழக்கிழமைக் கறை

அண்ணி புதிதாக ஒன்றை ஆரம்பிக்கிறாள் என்றால் எங்கள் வீட்டில் யாரும் கைதட்ட மாட்டோம். ஆரம்பசூரத்தனம் என்ற சொல்லே அவளுக்காகப் பிறந்ததுதான் என்பான் என் அண்ணன். பூத்தொட்டிகள் வாங்கினாள். இப்போது அவற்றில் துணி கிளிப்புகள் வளர்கின்றன. பின்னல் ஊசி வாங்கினாள். ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டர் அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. நீச்சல் வகுப்புக்குப் போனாள், மிதக்க வந்ததும் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "மூழ்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு, அப்புறம் என்ன?" என்றாள்.

அதனால்தான், வலைப்பூ ஒன்று எழுதப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்று அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்துவிட்டது என்பது அவள் தண்ணீர் டம்ளரை வைத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. பாத்திரம் துலக்கும்போது என்னிடம், "இதை மட்டும் விடமாட்டேன், பாரு" என்றாள். பின்னல் ஊசி வாங்கியபோதும் இதையேதான் சொன்னாள்.

அண்ணி ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிறாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கும் சாவி செய்யும் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கடை. முன்னால் கண்ணாடிக் கதவு, கல்லா, முதலாளியம்மா. பின்னால் பெரிய பெரிய இயந்திரங்களும், நாள் முழுக்கப் பெருமூச்சு விடும் நீராவி இஸ்திரியும். கடைசியில் ஜன்னலோரமாக, வெள்ளைப் பலகை போட்ட ஒரு குறுகலான மேசை. கறை மேசை என்று அதற்குப் பேர். கறைபட்ட துணிகள் எல்லாம் முதலில் அந்த மேசைக்குத்தான் வரும். அங்கே சின்னச் சின்ன புட்டிகளையும் பல் தேய்க்கும் பிரஷ்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அண்ணி.

கறை என்று வந்துவிட்டால் மனிதர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். என்ன கறை என்று தெரிந்தால்தான் எந்தப் புட்டியைத் திறப்பது என்று தெரியும். ஆனால் கேட்டால், "தெரியலையே, தானா வந்திருக்கு" என்பார்கள். ஒருவர் சட்டைக் காலரில் சிவப்பு மை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணி அதை நம்பி மைக்கான வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தாள். கறை அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் முகர்ந்து பார்த்தாள். உதட்டுச் சாயம். அதை எடுத்துச் சுத்தமாக்கிக் கொடுத்தபோது, பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "பரவாயில்லையே, மை கூட இவ்வளவு சுத்தமா போயிடுதே" என்றாராம். அண்ணி, "ரொம்ப நல்ல மை மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டாள்.

இதுதான் முதல் பதிவு. வலைப்பூவின் பேரும் கறை மேசைதான். நான் புகைப்படம் எடுத்துக் கொடுத்தேன். நான் ஒரு மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள், புட்டிகளைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும். அந்தப் பதிவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். கேள்விகள் வர ஆரம்பித்தன. ஆச்சரியம் என்னவென்றால், முகம் தெரியாத இடத்தில் எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். மாமியாரின் மேசை விரிப்பில் வேண்டுமென்றே டீயைக் கொட்டியவர், அலுவலக நாற்காலியில் சாக்லேட் மேல் உட்கார்ந்தவர், நாய் மேல் பழியைப் போட்டவர். "நாள் பூரா என்கிட்ட பொய் சொல்றவங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கேன். இங்க ஒருத்தர் கூட பொய் சொல்லல" என்று அண்ணி சந்தோஷப்பட்டாள். அவளுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் மூக்கை நுழைத்தான். அவன் ஒரு மரச்சாமான் கடைக்கு வண்டி ஓட்டுகிறான். பொருளை இறக்கிவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் வண்டியிலேயே உட்கார்ந்து வீடியோ பார்ப்பான். உலகத்தில் அவனுக்கு ஆலோசனை இல்லாத விஷயமே கிடையாது. நான் அவனுக்கு யோசனைத் திலகம் என்று பட்டம் கொடுத்திருக்கிறேன்.

"தினமும் போடணும். ஒரு நாள் விட்டா போச்சு, ஜனங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றான்.

"தினமுமா?" என்றாள் அண்ணி.

"முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

அந்தக் கடைசி வார்த்தைதான் வேலையைக் கெடுத்தது. அன்று மாலையே வலைப்பூவின் தலைப்புக்குக் கீழே 'தினமும் ஒரு கறை' என்று ஒரு வரி ஏறிவிட்டது.

முதலில் ஜோராகத்தான் போனது. வருஷக்கணக்கில் பார்த்த கறைகள் எல்லாம் தலைக்குள் வரிசை கட்டி நின்றன. எழுதுவதற்கு முன்னால், கடையில் கழித்துப் போட்ட துண்டுத் துணியில் அதே கறையைத் தானே போட்டு, தானே எடுத்துப் பார்ப்பாள். பிறகு நாட்கள் நெருக்கின. துண்டுத் துணி வேலை நின்றது. ஞாபகத்திலிருந்து எழுதினாள். பேருந்தில் நின்றுகொண்டு எழுதினாள், இஸ்திரி சூடாகும் இடைவெளியில் எழுதினாள், வாயில் பிரஷ்ஷோடு எழுதினாள். ஒரு நாள் காலை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "அப்பாடா, இன்னைக்குப் பதிவு கிடைச்சுது" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அண்ணி, நேத்தும் இதையேதான எழுதுனீங்க?"

"நேத்து டீ. இன்னைக்கு காபி."

"ரெண்டுலயும் ஒரே வரிதான் இருக்கு."

"கறையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன். யார் கேக்கப்போறா?"

"உங்க அண்ணன் கேப்பாரு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானே கேப்பேன்" என்றாள்.

தப்பு நடந்தது ஒரு திங்கட்கிழமை. சலவைக் கடைக்குத் திங்கட்கிழமை என்றால் ஊரே விடுமுறையில் அழுக்காக்கியதை எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற நாள். அன்றைக்கு ரத்தக் கறை பற்றிப் பதிவு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த விஷயம் அது. ரத்தக் கறையைச் சுடுநீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சூடு பட்டால் முட்டை வேகிற மாதிரி அது நூலுக்குள்ளேயே இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் என்று ஒருமுறை எழுதியபோது, எந்தப் பச்சை நிறம் கலக்க வேண்டும் என்று யாரோ ஒரு பிள்ளை கேட்டுவிட்டது. அதிலிருந்து அண்ணி 'சுடாத தண்ணீர்' என்றுதான் எழுதுவாள்.

அன்றும் சுடாத என்றுதான் தட்டினாள். தட்டி முடிப்பதற்குள் கைப்பேசி தானாக ஒரு சொல்லை நீட்டியது. அரக்கப்பரக்க அதன்மேல் விரலை வைத்தாள். இஸ்திரியின் விளக்கு எரிந்துவிட்டது, திரும்பப் படிக்க நேரமில்லை. பதிவு போய்விட்டது. சுடாத மூன்று எழுத்து. சூடான அதுவும் மூன்று எழுத்து.

இரண்டு நாள் கழித்து, நாங்கள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பின்னூட்டம் வந்தது. அண்ணி வழக்கம்போல எனக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, நாளைக்குப் புது வேலையில் சேர்கிறேன். முதல் நாளுக்கென்று என் தங்கை ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அவள் தைத்த முதல் சட்டை. போட்டுப் பார்க்கும்போது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, பதற்றத்தில் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி சூடான தண்ணீரில் ஊறவைத்தேன். ஈரத்தில் பார்த்தபோது போன மாதிரிதான் இருந்தது. இஸ்திரி போட்டதும் பழுப்பாக அப்படியே நிற்கிறது. நான் எங்கே தப்பு செய்தேன்?"

சூடான என்ற சொல்லிலேயே அண்ணியின் குரல் தடுக்கியது. ஆனாலும் கடைசி வரை வாசித்தாள்.

"நான் அப்படி எழுதவே மாட்டேன். அவங்க தப்பா படிச்சிருப்பாங்க" என்றாள்.

பதிவைத் திறந்து பார்த்தோம். சூடான தண்ணீரில் நன்றாக ஊறவைக்கவும். அவள் கையால் போன வரி. அண்ணியின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அண்ணன் உள்ளே வந்தான், விஷயத்தைக் கேட்டான், உடனே யோசனையும் சொன்னான். "சத்தம் காட்டாம அந்த வார்த்தைய மாத்திடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமே" என்றாள் அண்ணி. "தான் எங்க தப்பு பண்ணோம்னு கேக்கறா பாருங்க. என்கிட்ட கேக்கறா."

தப்பான வரியை அழிக்காமல் அதன் மேலேயே கோடு இழுத்துவிட்டு, 'இது என் தவறு. ரத்தக் கறைக்குச் சூடு கூடாது' என்று பதிவின் உச்சியில் எழுதினாள். அந்தப் பெண்ணுக்கும் எழுதினாள். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது, சட்டையை எனக்கு அனுப்புங்கள், முடிந்ததைச் செய்கிறேன் என்று கடையின் விலாசத்தையும் கொடுத்தாள். பதில் வரவில்லை. மறுநாள் அந்தப் பெண் என்ன போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாள் என்று அண்ணி நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அத்தோடு எழுத்து நின்றது. தினமும் ஒரு கறை என்ற வரி மட்டும் உச்சியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து, திங்கள், புதன், வெள்ளி மட்டும் எழுதுகிறேன் என்று ஒரு முயற்சி செய்தாள். முதல் திங்கட்கிழமைக் கூட்டத்திலேயே அது சாய்ந்தது. அப்புறம், "தோணும்போது எழுதிக்கறேன், யாருக்குப் பயம்?" என்றாள். தோன்றவே இல்லை. என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அண்ணன் எதுவும் சொல்லவில்லை. வாய் நிறையக் கேலி வைத்திருப்பவன், அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் போனான். அதற்கு அவன் நாலு வார்த்தை கேலியே செய்திருக்கலாம்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள், வெளுக்கக் கொடுத்திருந்த என் கோட்டை வாங்கிக்கொள்ள நான் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், காரை அணைக்காமல் வெளியே நிறுத்திவிட்டு, கல்லாவில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய கோட்டுக்காக. முதலாளியம்மா உள்ளே குரல் கொடுத்தார். அண்ணி கையில் கோட்டோடு வந்தாள், ஆனால் கொடுக்கவில்லை.

"இன்னும் காயலைங்க. சாயந்தரம் வாங்க."

"கறை போயிடுச்சா இல்லையா?"

"போன மாதிரிதான் இருக்கு."

"அப்புறம் என்ன? ஈரமாவே குடுங்க, கார்ல போட்டா காஞ்சிடும். எனக்கு அவசரம்."

"உங்களுக்கு அவசரம்னா அதுக்குத் தெரியுமா?" என்றாள் அண்ணி. இந்தத் துடுக்கு அவளுக்குக் கடையில் மட்டும்தான் வரும். "ஈரத்துல எல்லாத் துணியும் சுத்தமாத்தாங்க தெரியும். காஞ்ச பிறகுதான் உள்ள இருக்கறது மேல வரும். காயாம நான் எதையும் வெளிய குடுக்கறதே..."

அங்கே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது. கோட்டுக்காரர் மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். முதலாளியம்மா, "கொடுக்கறது இல்லைங்க, எங்க கடை வழக்கம்" என்று முடித்து வைத்து, அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "கேட்டியா நான் என்ன சொன்னேன்னு?" என்றாள்.

"கேட்டேன்."

"துணிய ஈரமா குடுக்க மாட்டேனாம். எழுதினத மட்டும் சொட்டச் சொட்டக் குடுத்தேனே. இவ்வளவு நாளா, தினம் தினம்."

கையில் இருந்த கோட்டைக் கொடியில் மாட்டிவிட்டு, அதன் தோளை ரொம்ப நேரம் நீவிக்கொண்டு நின்றாள். என் கோட்டைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அடுத்த நாள் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை சமையல் மேசையில் உட்கார்ந்து அண்ணி தன் வாரத்தைப் பிரித்துப் போட்டாள். இதற்கு முன்பெல்லாம் வாரத்துக்கு எத்தனை எழுதலாம் என்றுதான் கணக்குப் போடுவாள். இந்தத் தடவை, ஒரு பதிவு காய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டாள். கறையைப் போட்டு ஒரு நாளாவது அதை ஊறவிட வேண்டும், வீட்டில் யாரும் கறை பட்ட நிமிஷமே ஓடிவந்து துவைப்பதில்லை. அப்புறம் எடுக்க வேண்டும். காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத்து. எழுதியதையும் ஒரு ராத்திரி தொடாமல் போட்டுவைத்து, மறுபடி ஆற அமர வாசிக்க வேண்டும். திங்கள் கூட்டம், அதைத் தொடக்கூடாது. சனிக்கிழமை எல்லோரும் துணி வாங்க வருவார்கள், அதுவும் ஆகாது. ஞாயிறு வீட்டுக்கு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் கடையில் கொஞ்சம் மூச்சு விடுகிற புதன்கிழமை எழுதி, வியாழக்கிழமை காலை வாசித்துப் பார்த்துப் போடலாம் என்று வந்தது.

"வாரத்துக்கு ஒண்ணா?" என்றான் யோசனைத் திலகம். "மறந்துடுவாங்க."

"மறக்கட்டும். தப்பா சொன்னா மட்டும் யாரும் மறக்க மாட்டாங்க."

"தினமும்னு சொல்லிட்டு இப்ப வாரம் ஒண்ணுன்னா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"தினமும்னு சொன்னதுதாங்க தப்பு. அது என் வேகம் இல்ல, நீங்க வீடியோல பாத்த யாரோட வேகமோ. நான் விடறேன்னு சொல்லல. விடாம இருக்கறதுக்குத்தான் இதைச் சொல்றேன்" என்றாள் அண்ணி. கத்தவில்லை.

தினமும் ஒரு கறை போய்விட்டது. அந்த இடத்தில், 'வியாழக்கிழமைதோறும், காய்ந்த பிறகு' என்று வந்தது.

அடுத்த வாரம் கடை விலாசத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை. வெளிர் நீலச் சட்டை ஒன்று, மடித்து, கறைபட்ட கை மேலே தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தது. தையல் கொஞ்சம் கோணலாக, ஆனால் ரொம்பச் சிரத்தையாக இருந்தது. பட்டன் துளைகளை யாரோ இரண்டு முறை பிரித்துத் தைத்திருந்தார்கள். அண்ணி அதை மேசையில் விரித்துப் போட்டுவிட்டு, புட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் அந்தச் சட்டைக் கையில் காட்டினாள். ஊறவைத்தாள், ஒற்றி எடுத்தாள், காயவைத்தாள், மறுபடி ஊறவைத்தாள். பழுப்பு வெளுத்தது, ஆனால் போகவில்லை. மிச்சத்தையும் எடுக்கக்கூடிய ஒரு மருந்து இருக்கத்தான் செய்தது. அதைச் சட்டையின் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். நீலமும் சேர்ந்து போனது. புட்டியை மூடிவிட்டாள்.

புதன்கிழமை மதியம் ஜன்னல் வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் பார்த்தோம். கை ஓரத்தில் வெளிறிய டீ நிறத்தில் ஒரு தடம். தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவர் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும்.

"படம் எடு" என்றாள்.

"இதையா?"

"இதைத்தான்."

வியாழக்கிழமை காலை பதிவு வந்தது. தலைப்பு, 'போகவில்லை'. என்ன தப்பு செய்தேன், அதைச் சரிசெய்ய என்னென்ன செய்தேன், எதில் எவ்வளவு போனது, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன், ஏன். அண்ணன் அதை வண்டியில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான். "போகலைன்னு எவனாவது போடுவானா?"

"போகலையே. வேற என்ன போடறது?" என்றாள் அண்ணி.

சட்டையைக் கஞ்சி போடாமல், மென்மையாக இஸ்திரி போட்டு, அந்தப் பெண்ணுக்குத் திருப்பி அனுப்பினாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி வைத்தாள். அதற்கும் பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

பிறகு வியாழக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. ஆரம்பத்தில் வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள், அண்ணன் சொன்னது ஒரு விதத்தில் சரிதான். மனசு கஷ்டப்பட்டது, மறைக்கவில்லை. "ஊர்ல ஒருத்தர் கூட டீயே கொட்டிக்கறதில்லையா?" என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் செவ்வாய்க்கிழமை ஆனால் கறை மேசையின் ஓரத்தில் ஒரு துண்டுத் துணி தொங்கும். கேள்வி கேட்பவர்களுக்கு வரிசை வைத்தாள். உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள், உங்கள் பதில் இந்த வியாழன் வரும் என்று உடனே சொல்லிவிடுவாள். அவசரம் என்பவர்களிடம், உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற சலவைக் கடைக்குக் கொண்டுபோங்கள், அதுவரை சூடு காட்டாதீர்கள், தேய்க்காதீர்கள் என்று ஒற்றை வரி. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

நல்ல வாரம் கிடைத்தால் இரண்டு கறையைப் பார்த்து, ஒன்றை எழுதிக் கையிருப்பாக வைத்துக்கொள்வாள். ஒருமுறை காய்ச்சலில் படுத்தபோது அந்தக் கையிருப்புதான் காப்பாற்றியது. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கி, வாசித்துப் பார்த்து, ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தி, போட்டுவிட்டு மறுபடி போர்வைக்குள் போனாள். "ஒரு வாரம் விட்டா என்னதான் ஆயிடும் அண்ணி?" என்றேன். "ஒண்ணும் ஆகாது. அதான் பயமா இருக்கு" என்றாள்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பதிவு போட்டதும் அவள் முதலில் பார்ப்பது எண்ணிக்கையை அல்ல, பின்னூட்டங்களை. அதிலும் ஒரு பெயரைத் தேடுவாள். இல்லை என்றதும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். சட்டைக்காரப் பெண்ணைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் இனி எதற்கு வரப்போகிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வரும். மழைக்காலம் வந்து, கடையில் துணி காய இரண்டு மடங்கு நேரம் பிடித்து, கையிருப்பெல்லாம் தீர்ந்து, ஒரு வாரம் நூலிழையில் தப்பித்தோம். மழைக்காலமும் போனது. பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், எல்லோரும் இல்லை. அண்ணன், "நாளைக்கு வியாழக்கிழமைதான?" என்று தானாகக் கேட்க ஆரம்பித்திருந்தான்.

போன மாதம் ஒரு நாள், கடையில் மதியச் சாப்பாட்டு நேரம். நானும் அங்கேதான் இருந்தேன், எனக்கு அன்று விடுமுறை. அண்ணி ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு மறு கையால் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டென்று ரொட்டியைக் கீழே வைத்தாள். மேசைமேல், துணி வைக்கிற இடத்தில். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன அண்ணி?"

கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். தான் வாசிக்க முடியாது என்று தலையை ஆட்டினாள். நான் வாசித்தேன்.

"அக்கா, சட்டை அப்போதே வந்து சேர்ந்தது. கோபத்தில் பதில் எழுதவில்லை. முதல் நாள் வேறு எதையோ போட்டுக்கொண்டுதான் போனேன். தங்கை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. போகவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான்கு வாரம் எழுதுவார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடுகிறீர்களா என்று பார்ப்பதற்காகவே ஒவ்வொரு வியாழனும் வந்தேன். நீங்கள் விடவில்லை. இப்போது அந்தச் சட்டையைக் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். நேற்று அதன் பையில் பேனா கசிந்துவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை, தண்ணீர் கூட ஊற்றவில்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் தொடுவேன்."

அண்ணிக்குக் கண்ணீர் கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள், மறுபடி கொட்டியது. "விடவில்லைன்னு இருக்கா? அந்த வரிய இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். முதலாளியம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அழுகை அடங்கியதும் அண்ணி கைப்பேசியை வாங்கிப் பதில் தட்டினாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. போடுவதற்கு முன்னால் இரண்டு முறை வாய்விட்டு வாசித்தாள். "உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். உங்கள் பதில் நான்காவது வியாழன் வரும். சட்டையை மடிக்காமல், நிழலில் வைத்திருங்கள்."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணி இது! இவ்வளவு நாள் இவங்களுக்காகத்தான காத்துக்கிட்டு இருந்தீங்க? இந்த ஒருத்தருக்காவது முன்னாடி சொல்லக் கூடாதா?"

"வேற யாருக்காவது வேணும்னா அவசரப்படுவேன். இவளுக்கு மாட்டேன்" என்றாள் அண்ணி. பிறகு எழுந்து, மேசையைத் துடைத்துவிட்டு, வெளிர் நீலத்தில் ஒரு துண்டுத் துணி தேட ஆரம்பித்தாள்.